குடும்பத்தோட பாக்குற சிரிப்புப் படம்: 'சபாபதி'யில இருந்து 'டூரிஸ்ட் ஃபேமிலி' வரைக்கும்

எங்க வீட்டுல ஒரு படத்துக்குப் போகணுமா வேணாமான்னு முடிவு பண்றது ஒரே ஒரு கேள்விதான். "குடும்பத்தோட பாக்கலாமா?" எங்க ஆயா காலத்துலயும் இதே கேள்வி. என் பொண்ணு காலேஜ் போற இந்தக் காலத்துலயும் இதே கேள்வி. நம்மள மாதிரி விவசாயக் குடும்பம் வருசத்துக்கு ரெண்டு படம், மிஞ்சிப்போனா மூணு படம் தியேட்டர்ல போய்ப் பாக்கும். ஆறு பேர் கிளம்புனா டிக்கெட், வண்டிக்குப் பெட்ரோல், இடைவேளையில பசங்க கேக்குற பாப்கார்ன்னு ஒரு மூட்டை நெல்லு விலைக்குக் கிட்ட வந்து நிக்குது. அதனால இந்தக் கேள்விய லேசா விட முடியாது.

இங்க வழக்கமா நாத்தங்கால், ஏரி மதகு, மாட்டுக்கு வர்ற கோமாரின்னு எழுதிட்டு இருக்கிறவன் திடீர்னு சினிமாவுக்கு வந்ததுக்குக் காரணம் இருக்கு. 2025 மே 1-ந் தேதி 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்துச்சு. நவரை அறுப்பு முடிஞ்ச நேரம். ஊருல பாதிப் பேர் பாத்துட்டாங்க. இலங்கையில இருந்து படகுல தப்பிச்சு வர்ற ஒரு குடும்பம், சென்னையில ஒரு காலனியில ஒளிஞ்சு வாழ்ற கதை. சிரிச்சாங்க, அழுதாங்க, எல்லாருக்கும் பிடிச்சுது. ஆனா நம்ம கும்மிடிப்பூண்டியில இலங்கைத் தமிழர் முகாம் ஒண்ணு தொண்ணூறுகள்ல இருந்து இருக்கு. அந்தப் படத்துக்கு அழுத அதே ஆளுங்க மறுநாள் டீக்கடையில "முகாம் ஆளுங்களுக்கு எல்லாம் இலவசமா வருதுய்யா"ன்னு பேசினத நான் கேட்டேன். ஒரு சிரிப்புப் படம் நம்மள எவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போவுது, எந்த எடத்துல இறக்கி விட்டுடுதுன்னு அன்னைக்கு இருந்து யோசனை.

யோசிச்சதுல எனக்கு ஒரு தராசு கிடைச்சுது. தட்டு ரெண்டு. ஒண்ணு, இந்தப் படம் யாரைப் பாத்து நம்மள சிரிக்க வைக்குது? இன்னொண்ணு, குடும்பம்னு சொல்லும்போது யாரையெல்லாம் உள்ள சேத்துக்குது? இந்தத் தராசுல பழசு புதுசு எல்லாத்தையும் போட்டுப் பாப்போம்.

முதல்ல பழசு. தமிழ் சிரிப்புப் படம்னா பெரியவங்க எல்லாரும் ஆரம்பிக்கிற எடம் 1941-ல ஏ.வி.எம். எடுத்த 'சபாபதி'. பம்மல் சம்பந்த முதலியார் எழுதின நாடகம். எஜமான் பேரும் சபாபதி, வேலைக்காரன் பேரும் சபாபதி. டி.ஆர்.ராமச்சந்திரன் எஜமான், காளி என்.ரத்தினம் வேலைக்காரன். சொன்னதைச் சொன்ன மாதிரியே அப்பாவியா செஞ்சு வைக்கிற வேலைக்காரன்தான் சிரிப்பு. எஜமானும் அசடுதான், அது அந்தப் படத்தோட நேர்மை. ஆனா அசட்டு எஜமானுக்கு வீடு இருக்கு, சொத்து இருக்கு. அசட்டு வேலைக்காரனுக்கு என்ன இருக்கு? நம்ம சிரிப்புப் படத்துக்கு விழுந்த முதல் விதை இது.

அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு நாடக மேடையில இருந்துதான் குடும்பச் சிரிப்பு வந்துச்சு. நாடகம்னா நாலு சுவரு, ஒரு சோபா, ஒரு டெலிபோன். 1964-ல ஸ்ரீதரோட 'காதலிக்க நேரமில்லை' மாதிரி வெளிய போன படத்துலயும் வீடு எஸ்டேட் முதலாளி வீடு. பாலையா கிட்ட நாகேஷ் கதை சொல்ற அந்தக் காட்சியை இன்னைக்குப் போட்டாலும் சிரிப்போம். ஏன்னா அங்க நாம சிரிக்கிறது ஒரு அப்பா மகன் கிட்ட பயந்து நடுங்குறதைப் பாத்து. வீட்டுப் பெரியவரே மாட்டிக்கிறாரு. 1972-ல சித்ராலயா கோபுவோட 'காசேதான் கடவுளடா'வுல தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியாரா வந்து மெட்ராஸ் பாஷையை உள்ளுக்குள்ள அடக்கி வச்சுக்கிட்டுப் படுற பாடும் அப்படித்தான். அந்தப் பாஷையை அடக்குற பாட்டை மறக்காம வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

அந்தக் காலத்துல குடும்பத்தோட படம் பாத்தது எப்படின்னும் சொல்லணும். நம்ம பக்கத்துல டென்ட்டுக் கொட்டாய்தான். மணல்ல உக்காரணும். நடுவுல ஒரு தடுப்பு, பொம்பளைங்க ஒரு பக்கம், ஆம்பளைங்க ஒரு பக்கம். எங்க நைனா சொல்லுவாரு, "உங்க ஆயாவும் தாத்தாவும் ஒண்ணா படத்துக்குப் போவாங்க, ஆனா ஒண்ணா உக்காந்து பாத்ததே இல்ல"ன்னு. தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிக்கிற சிரிப்பு வேற, இந்தப் பக்கம் சிரிக்கிறது வேறயா இருக்கும்னும் சொல்லுவாரு. மாமியாரைக் கிண்டல் பண்ணா அந்தப் பக்கம் சத்தம், பொண்டாட்டியைக் கிண்டல் பண்ணா இந்தப் பக்கம் சத்தம். குடும்பம் மொத்தமும் ஒரே பாயில உக்காந்து படம் பாத்தது டெக்கு வாடகைக்கு எடுத்த காலத்துலதான். கல்யாணம், காதுகுத்து, கூழு ஊத்துற திருவிழான்னா டிவியும் டெக்கும் வந்துடும். விடிய விடிய மூணு படம். அதுல ஒண்ணு கண்டிப்பா விசு படம்.

1986-ல வந்த 'சம்சாரம் அது மின்சாரம்' மத்திய அரசோட தேசிய விருதை வாங்குச்சு. ஆரோக்கியமான பொழுதுபோக்கு தர்ற படத்துக்குக் குடுக்கிற விருது அது. குடும்பப் படம்னா இதுதான்னு அரசாங்கமே முத்திரை குத்துன மாதிரி. கூட்டுக் குடும்பம், சம்பளக் கணக்கு, வீட்டுக்குள்ள கோடு கிழிச்சுப் பிரியறது. விசு படங்கள்ல எனக்குப் பிடிச்சது பணம். யாரு எவ்வளவு சம்பாதிக்கிறா, யாரு சோத்துக்கு எவ்வளவு குடுக்குறா, இதை மறைக்காம பேசுவாரு. முடிவுல மூத்த மருமக லட்சுமி, திரும்பச் சேந்து இருக்க வேணாம், தள்ளி இருந்து பாசமா இருப்போம்னு சொல்றது அந்தக் காலத்துக்கு ரொம்ப தைரியம். எங்க ஊருல பாகப்பிரிவினை பண்ணி ஒரே களத்துமேட்டுல ரெண்டு அடுப்பு வச்ச வீடுங்களுக்கு அது புரிஞ்சுது. குறை என்னன்னா நீளமான அறிவுரை. சிரிச்சுட்டு இருக்கிறவனை நிக்க வச்சுப் பாடம் எடுப்பாங்க. இன்னொண்ணு, அந்தக் குடும்பம் எல்லாமே மாசச் சம்பளக் குடும்பம். அறுப்பு முடிஞ்சாத்தான் காசு, மழை பேஞ்சா அதுவும் இல்லைங்கிற குடும்பம் அந்தக் கதைக்குள்ள வராது.

கிராமம் எங்க வந்துச்சுன்னா தனிக் காமெடி டிராக்குல வந்துச்சு. 1989-ல 'கரகாட்டக்காரன்'. வாழைப்பழம் கதை தெரியாத வீடு தமிழ்நாட்டுல இருக்கா? கவுண்டமணி செந்தில் காமெடிக்கு நானும் வயிறு வலிக்கச் சிரிச்சவன், இப்பவும் சிரிப்பேன். ஆனா தராசுல வச்சா அந்தச் சிரிப்புல பெரும்பங்கு அடி, உதை, மண்டை, தொப்பை, நிறம். பெரியவன் சின்னவனை உதைப்பான், சின்னவன் அவனுக்கும் சின்னவனைத் தேடுவான். மேடை நாடகத்துல வேலைக்காரனுக்கு விழுந்தது இங்க கிராமத்தான் ஒடம்புல விழுந்துச்சு. அதே நேரத்துல நம்ம வடக்குப் பக்கத்துப் பேச்சு, 'இன்னா நைனா', 'கயினிக்குப் போறேன்'னு நாம சாதாரணமா பேசுறது, சினிமாவுல ரவுடிக்கும் ரிக்சாக்காரருக்கும் மட்டும்னு ஆகிப்போச்சு. என் மகன் சென்னையில வேலைக்குச் சேந்த புதுசுல ஆபீசுல வாயே தொறக்கலையாம். தொறந்தா சிரிப்பாங்கன்னு.

2000-க்கு அப்புறம் கதை மாறுது. 2003-ல டாஸ்மாக் சில்லறைக் கடையை அரசாங்கமே எடுத்து நடத்த ஆரம்பிச்சுது. கொஞ்ச நாள்ல சிரிப்புப் படத்துல பார் ஒரு நிரந்தர செட்டு ஆயிடுச்சு. ஹீரோவும் நண்பனும் உக்காந்து பொண்ணுங்களைத் திட்டுறது பாட்டாவும் வந்துச்சு, வசனமாவும் வந்துச்சு. இன்னொரு பக்கம் 2006-ல தமிழ்ல பேரு வச்சா கேளிக்கை வரி கிடையாதுன்னு அரசாங்கம் சொல்லுச்சு. 2011-ல அதோட 'யு' சான்றிதழும் வேணும்னு சேத்தாங்க. அதனால தயாரிப்பாளருங்க 'யு'வுக்கு ஓடுனாங்க. ரத்தத்தைக் குறைச்சு, கெட்ட வார்த்தைக்கு 'பீப்' போட்டு 'யு' வாங்கிடலாம். குண்டா இருக்கிற பொண்ணைக் கேலி பண்றது, கருப்பா இருக்கிறவனை மிருகத்தோட சேத்துப் பேசுறது, திருநங்கைய வச்சு அசிங்கப்படுத்துறது, இதுக்கெல்லாம் 'யு' தடையா இருந்ததே இல்ல. 2006-ல வந்த அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி குடுத்துச்சு பாருங்க, அந்த டிவியில இந்தக் காட்சிங்க சாப்பாட்டு நேரத்துல ஓடுச்சு. அப்பவே எங்க வீட்டுக்காரம்மா சொன்னா: "சான்றிதழ் குடுக்கிறவங்க பொம்பளைப் புள்ளைய பக்கத்துல உக்கார வச்சுப் பாத்துட்டுக் குடுக்கணும்." 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்து அந்த வரிச் சலுகை ஏற்பாடும் முடிஞ்சுது.

இப்போ புதுசுக்கு வரேன். கொரோனா எல்லாத்தையும் புரட்டிப் போட்டுச்சு. வீட்டுல ஆளுக்கொரு போன். ஒரே கூரை, நாலு பேரு, நாலு படம். அந்தத் தடுப்புச் சுவரு இப்ப ஒவ்வொருத்தர் காதுலயும் மாட்டியிருக்கு. இந்த நேரத்துல குடும்பத்தைத் திரும்ப ஒண்ணா உக்கார வைக்கிற வேலையச் செஞ்சது சிரிப்புப் படங்கதான். 2021 அக்டோபர்ல 'டாக்டர்' தியேட்டருக்குக் குடும்பங்களைத் திரும்பக் கொண்டுவந்துச்சு. அதுக்கு முன்னாடியே, 2021 ஏப்ரல் 4-ந் தேதி, 'மண்டேலா' நேரா விஜய் டிவியில வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். ஊருல யாரும் மதிக்காத ஒரு முடிதிருத்துற தொழிலாளி. பேரு கூட இல்லாத ஆளு. பஞ்சாயத்துத் தேர்தல்ல அவரு ஒரு ஓட்டுதான் ஜெயிக்கிறது யாருன்னு முடிவு பண்ணும்னு ஆனதும் ரெண்டு சாதிக் கூட்டமும் அவரு கால்ல விழுது. மடோன் அஸ்வின் எடுத்த படம், யோகி பாபு நடிச்சாரு. அதுவரைக்கும் உருவத்தை வச்சுக் கேலி வாங்கிட்டு இருந்த நடிகர் இதுல நின்னு வேடிக்கை பாக்க, ஊரு பெரிய மனுசங்க சிரிப்புப் பொருளா ஆனாங்க. சபாபதி வேலைக்காரனுக்கு எண்பது வருசம் கழிச்சு நியாயம் கிடைச்ச மாதிரி எனக்கு இருந்துச்சு.

இந்த ஆறேழு வருசத்துப் படங்களோட முதல் பலம் இதுதான். கேலி வீட்டுக்குள்ள, அதுவும் வீட்டு ஆம்பளை பக்கம் திரும்பியிருக்கு. 2023-ல வந்த 'குட் நைட்' படத்துல பிரச்சனை குறட்டை. அவ்வளவுதான். வில்லன் இல்ல, கத்தி இல்ல. மணிகண்டன் விடுற குறட்டையால கட்டுன பொண்ணு தூக்கம் கெட்டு ஒடம்பு கெடுது. எங்க வீட்டுல இந்தப் படம் ஓடும்போது எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்க. 2024-ல 'லப்பர் பந்து'. மாமனாருக்கும் மருமகனா வரப்போறவனுக்கும் கிரிக்கெட்டுல கவுரவச் சண்டை. ரெண்டு ஆம்பளைங்க வீம்பைத்தான் படம் முழுக்கச் சிரிக்குது. அதோட ஊரு டீம்ல யாரைச் சேப்பாங்க, யாரைச் சேக்க மாட்டாங்கங்கிற சாதியையும் ஒளிக்காம பேசுது. தமிழரசன் பச்சமுத்து அதைச் சிரிப்பு கெடாமலே பண்ணியிருக்காரு. 2025 ஜனவரியில 'குடும்பஸ்தன்'. கோயம்புத்தூர் பக்கம், சாதி மாறிக் கட்டிக்கிட்ட பையன், வேலை போயிடுது, அதை வீட்டுல சொல்லாம கடன் மேல கடன் வாங்குறான். விசு விட்ட எடத்துல இருந்து பணக்கணக்கை இவங்க எடுத்திருக்காங்க, அறுவடைக்கு முன்னாடி வாங்குற வட்டி மாதிரி அது எப்படி ஏறுதுன்னு காட்டியிருக்காங்க. அறிவுரைய மட்டும் விட்டுட்டாங்க. இது பெரிய முன்னேற்றம்.

ரெண்டாவது பலம் பேச்சு. கோயம்புத்தூர்க்காரன் கோயம்புத்தூர்ப் பேச்சே பேசுறான், அதுக்காக அவனை யாரும் சிரிக்கல. அவன் சொல்றதுக்குத்தான் சிரிக்கிறோம். இந்த எடத்துலதான் 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு வரணும். அதுக்கு முன்னாடி இன்னொரு படம், 2000 தீபாவளிக்கு வந்த 'தெனாலி'. கமல்ஹாசன் இலங்கைத் தமிழரா வந்து எதைப் பாத்தாலும் பயப்படுவாரு. அந்தப் பயம் போர்ல வந்த பயம்னு படத்துலயே இருக்கு. நல்ல நடிப்பு, நல்ல வசனம், நாங்க கொட்டாய் அதிரச் சிரிச்சோம். அடுத்த ஒரு வருசம் முகாம் பசங்க பள்ளிக்கூடத்துல வாயைத் தொறந்தா மத்தப் பசங்க "தெனாலி, தெனாலி"ன்னு கூப்பிட்டாங்க. படம் எடுத்தவங்க அதை நினைச்சு எடுத்திருக்க மாட்டாங்க. ஆனா ஒரு சனத்தோட பேச்சையும் பயத்தையும் சேத்து சிரிப்பா ஆக்குனா, ஊருக்குள்ள அது எங்க போய் விழும்னு யாரும் சொல்ல முடியாது.

இருபத்தஞ்சு வருசம் கழிச்சு அபிஷன் ஜீவிந்த்துங்கிற புதுப் பையன் அதே பேச்சை எடுத்திருக்காரு. சசிகுமார், சிம்ரன், ரெண்டு பசங்க. வாயைத் தொறக்காதீங்க, தொறந்தா மாட்டிப்போம்னு அவங்களைத் தங்க வைக்கிற மச்சான் யோகி பாபு கத்திக்கிட்டே இருப்பாரு. சிரிப்பு அங்கதான் பிறக்குது. தேங்காய் சீனிவாசன் மெட்ராஸ் பாஷையை அடக்குன மாதிரி, என் மகன் ஆபீசுல அடக்குன மாதிரி, இவங்க யாழ்ப்பாணத் தமிழை அடக்குறாங்க. ஆனா இந்தத் தடவை நாம யாரைப் பாத்து சிரிக்கிறோம்? பக்கத்து வீட்டுக்காரன் பேரு கூடத் தெரியாம கதவைச் சாத்திக்கிட்டு வாழ்ற காலனிக்காரங்களைப் பாத்து. அதாவது நம்மளைப் பாத்து. அந்தக் கடைசிப் பையன் முள்ளி சர்ச்சுல ஆடுறதுக்கு எங்க ஊரு கெழவிங்க எல்லாம் கை தட்டுனாங்க. முகாம் பசங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? தன் வீட்டுப் பேச்சு, அழுகையோ குண்டுச் சத்தமோ இல்லாம, ஒரு நல்ல குடும்பத்தோட பேச்சா தியேட்டர்ல கேக்குறது சின்ன விசயம் இல்ல.

இனி குறை. எங்க வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வர்ற தம்பி ஒருத்தர் முகாம்ல பிறந்து வளந்தவரு. படம் எப்படின்னு கேட்டேன். "படம் நல்லாத்தான் கிடக்கு அண்ணை. அழுதும் போட்டன். ஆனா அது எங்கட கதை இல்லை. அவையள் பதியாமல் ஒளிச்சு இருக்கினம். நாங்கள் பதிஞ்சுபோட்டு முப்பத்தஞ்சு வருசமா இருக்கிறம்"னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, பிரஷ்ஷை எடுத்துக்கிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிட்டாரு.

அவரு சொன்னதோட கனம் புரியணும்னா கொஞ்சம் வரலாறு வேணும். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் அலை அலையா வந்தாங்க. ராமேஸ்வரம், மண்டபம், அங்க இருந்து தமிழ்நாடு பூராவும் நூத்துக்கு மேல முகாம். நம்ம மாவட்டத்துல கும்மிடிப்பூண்டியிலயும் புழல்லயும். 2021 கணக்குப்படி முகாம்ல மட்டும் 58,000 பேருக்கு மேல. அந்த வருசம் ஆகஸ்ட்ல மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிச்சு, 7,469 வீடு புதுசா கட்டப்போறதா சொல்லுச்சு. அகதி முகாம்ங்கிற பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்துச்சு. பேரு மாறுனது நல்லதுதான். ஆனா குடியுரிமை டெல்லி கையில. 1987 ஜூலை 1-க்கு அப்புறம் இந்த மண்ணுல பிறந்தாலும், அப்பா அம்மா ரெண்டு பேரும் குடிமக்கள் இல்லைன்னா புள்ளையும் குடிமகன் இல்ல. அந்தத் தேதிக்கு முன்னாடி, 1986-ல, மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு அம்மா கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தல்ல முதல் ஓட்டுப் போட்டாங்க. முகாம்ல இருந்து ஓட்டுப் போட்ட முதல் ஆளுன்னு செய்தி வந்துச்சு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்துச்சு, இலங்கை இல்ல. 2025 செப்டம்பர்ல ஒரு தளர்வு வந்துச்சு. 2015 ஜனவரி 9-க்கு முன்னாடி வந்து பதிஞ்சவங்க மேல, பாஸ்போர்ட் விசா இல்லைங்கிறதுக்காக வழக்கு இல்லைன்னு. அது தண்டனை விலக்கு, குடியுரிமை இல்ல. 2022 பொருளாதார நெருக்கடியில தனுஷ்கோடிக்கு வந்தவங்களுக்கு, அதாவது படத்துல வர்ற குடும்பம் மாதிரி வந்தவங்களுக்கு, அந்தத் தேதியும் பொருந்தாது.

படத்துல இந்தச் சட்டம் எல்லாம் எங்க போச்சு? நல்ல மனசு படைச்ச ஒரு போலீஸ்காரர் ஆரம்பத்துலயே விட்டுடுறாரு. கடைசியில காலனியே கூடி நின்னு காப்பாத்துது. மனுசங்க நல்லவங்களா ஆனா போதும், சட்டம் தானா வழிவிட்டுடும்னு படம் சொல்லுது. இந்தக் காலத்துக் குடும்பச் சிரிப்புப் படங்களோட பெரிய பலவீனம் இதுதான்னு எனக்குத் தோணுது. எல்லாரும் நல்லவங்க. குறட்டைக்கு அது சரி, மாமனார் மருமகன் சண்டைக்கும் சரி. ஆனா சில பிரச்சனைங்க நல்ல மனசால தீராது. ஏரியில தண்ணி இல்லைன்னா பக்கத்து வயக்காரன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும் என் நாத்து காயும். அதைத் தியேட்டர்ல மறந்துட்டு வர்றோம். அதனாலதான் ராத்திரி அழுதவன் காலையில டீக்கடையில "எல்லாம் இலவசம்"னு பேச முடியுது. படம் அவனை ஒரு கேள்வியும் கேக்கல, நீ நல்லவன்னு தட்டிக்குடுத்து அனுப்பிடுச்சு.

ரெண்டாவது குறை பொம்பளைங்க. சண்டை போடுற வீம்புக்கார ஆம்பளைங்க திருந்துறதுதான் கதைன்னா, அவங்க திருந்துற வரைக்கும் பொறுத்துக்கிட்டு இருக்கிறது வீட்டுப் பொம்பளைங்க வேலை. 1986-ல லட்சுமி கதாபாத்திரம் எடுத்த முடிவை மாதிரி ஒரு முடிவை இந்தப் படங்கள்ல பொம்பளைங்க எடுத்துக் கேக்குறது குறைவு. பார் காட்சி போயிடுச்சு, அசிங்கம் குறைஞ்சுடுச்சு, அதுக்கு நன்றி. ஆனா மரியாதையும் முடிவெடுக்கிறதும் வேற வேற.

மூணாவது, நாம. விவசாயி சிரிப்புப் படத்துல எப்படி வர்றான்? 2018-ல பாண்டிராஜ் எடுத்த 'கடைக்குட்டி சிங்கம்' நம்ம ஊருல ஓடோ ஓடுன்னு ஓடுச்சு. கார்த்தி விவசாயி, அஞ்சு அக்கா, ஒரு பெரிய குடும்பம். விவசாயின்னு நெஞ்சை நிமித்திச் சொல்றதைக் கேட்டப்ப சந்தோசமா இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா அந்த விவசாயிக்கு யூரியாவுக்கு வரிசையில நிக்குற நாளு கிடையாது, கொள்முதல் நிலையத்துல நெல்லு நனையுற ராத்திரி கிடையாது. சாமி படம் மாதிரி மாட்டி வச்சுட்டாங்க. 2022-ல மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி' வேற மாதிரி. நல்லாண்டிங்கிற நிஜ விவசாயிய நடிக்க வச்சாங்க, படம் வர்றதுக்குள்ள அவரு காலமாயிட்டாரு. மயில் செத்ததுக்கு அவரு மேல கேஸ். பயிரு காயுமேன்னு அவரு கவலைப்பட, அந்தப் பயிருக்குத் தண்ணி பாய்ச்சுற வேலை ஒரு போலீஸ்காரர் தலையில விழுது. நான் பாத்த குடும்பச் சிரிப்புலயே உசத்தின்னா அந்தக் காட்சியச் சொல்லுவேன். யாரையும் உதைக்கல, யாரையும் தூக்கி வைக்கல. கோர்ட்டும் போலீசும் பயிரோட கடிகாரத்துக்கு முன்னாடி எப்படித் தடுமாறுதுன்னு காட்டுது. அங்க சட்டம் கண்ணுல தெரியுது, சிரிப்பும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்க முடியும்ங்கிறதுக்கு அதுவே சாட்சி. ஆனா நிதானமான படம், எங்க வீட்டுப் பசங்க பாதியில தூங்கிட்டாங்க. அதையும் கணக்குல எழுதணும்.

நாலாவது குறை நம்ம பகுதிக்குன்னே உள்ளது. இந்தப் படங்கள்ல ஐ.டி. கம்பெனி வரும், டிசைன் ஆபீஸ் வரும், டிரைவர் வேலை வரும். சிப்காட் வராது. மூணு ஷிப்ட் பாக்குற வீட்டுல புருசன் நைட் ஷிப்ட், பொண்டாட்டி டே ஷிப்ட், ரெண்டு பேரும் வாசல்ல பாத்துக்கிட்டு சாவிய மாத்திக்கிறாங்க. கம்பெனி பஸ்சை விட்டுட்டு வரப்புல ஓடுற பையன் எங்க ஊருல வாரத்துக்கு ஒருத்தன். பாதி நாள் விவசாயி, பாதி நாள் காண்ட்ராக்ட் தொழிலாளின்னு இருக்கிறவங்க வீட்டுக் கூத்தைச் சிரிப்பா எடுத்தா மூணு படம் எடுக்கலாம்.

அதே சிப்காட்டைச் சுத்தி லைன் வீடுங்க. ஒரிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்த குடும்பங்க. அவங்க புள்ளைங்க நம்ம அரசுப் பள்ளிக்கூடத்துல படிக்குது, நம்ம பசங்களை விட நல்லா ஆத்திசூடி ஒப்பிக்குது. நாம அவங்களுக்கு ஒரே பேரு வச்சிருக்கோம், 'வடக்கன்'. போன்ல வர்ற சிரிப்பு வீடியோவுல பாதி அவங்க பேசுற தமிழைக் கேலி பண்றதுதான். 2000-ல முகாம் பசங்களை "தெனாலி"ன்னு கூப்பிட்டதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல. நடவுக்கு ஆளு வேணும்னா மட்டும் அவங்க வேணும்.

ஆக, எடை போட்டுப் பாத்தா புதுப் படங்க பக்கம்தான் தட்டு இறங்குது. யாரைச் சிரிக்கிறதுங்கிற கேள்விக்கு எண்பது வருசத்துல இவ்வளவு நல்ல பதில் தமிழ் சினிமா குடுத்ததில்ல. பொண்ணைப் பக்கத்துல உக்கார வச்சுத் தலை நிமிந்து பாக்கலாம். யாரைக் குடும்பத்துல சேக்குறதுங்கிற ரெண்டாவது தட்டுல இன்னும் கல்லு போட வேண்டியிருக்கு. படகுல வந்த குடும்பத்தைச் சேத்தாச்சு. பதிஞ்சு முப்பத்தஞ்சு வருசம் காத்திருக்கிற குடும்பம், லைன் வீட்டுல இந்தி பேசுற குடும்பம், ஷிப்டும் நாத்தங்காலுமா ஓடுற குடும்பம், இவங்க எல்லாம் இன்னும் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்காங்க.

படம் எடுக்கிறவங்க எடுக்கட்டும். நம்ம கையில இருக்கிறது டீக்கடை. அடுத்த தடவை யாராவது முகாம் ஆளுங்களுக்கு எல்லாம் இலவசம்னு ஆரம்பிச்சா, 1987 ஜூலைங்கிற தேதிய மட்டும் சொல்லிப் பாருங்க. நான் சொல்லிப் பாத்தேன். ரெண்டு பேரு பேச்சை மாத்துனாங்க, ஒருத்தரு மட்டும் "அப்படியா சங்கதி"ன்னு டம்ளரைக் கீழ வச்சுட்டு உக்காந்து கேட்டாரு. இன்னைக்கு அவ்வளவுதான். சொர்ணவாரிக்கு விதை நேர்த்தி எப்படிப் பண்றதுன்னு அடுத்த வாரம் எழுதுறேன்.